பாதியில் நின்ற கைப்பிடி

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டியின் ஹாரன் பழுதானாலும் கவலையில்லை, இவள் ஜன்னல் வழியாக ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிறவன் ஒதுங்கிவிடுவான் என்பது சக ஓட்டுநர்களின் கிண்டல். அவளும் மறுத்ததில்லை.

அந்த வருடம் அவள் கோபப்பட நியாயமான காரணம் இருந்தது. அவள் கணவர் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் காய்கறி வெட்டுகிறவர். அங்கே குளிர் அறையின் இரும்புக் கதவைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் கொக்கி ஆறு மாதமாகச் சரியில்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்தும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் அந்தக் கதவு அவருடைய வலது கை மேல் சாத்திக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. சூடு, குளிர், வலி எதுவும் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

கதவைச் சரிசெய்யாதவர்கள் அவருக்குக் கெடு வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் கத்தி பிடித்து வெட்டிக் காட்ட வேண்டும்; இல்லையென்றால் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை.

"ஒரு கொக்கி போட வக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு நாள் குறிக்கிறாங்களாம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கோபத்தோடு வேலையிலும் இறங்கினாள். பின்னறையில் அவளுடைய சின்ன செதுக்கும் இயந்திரம் இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், சுழலும் வெட்டுமுனை நாலா பக்கமும் நகர்ந்து அந்த வடிவத்தைக் கடைந்து தரும். ஒரு கம்பெனியிலிருந்து உதிரிபாகங்களாக வாங்கி அவளே பூட்டியது. இரண்டு வருடமாக மரத்தில் பெயர்ப்பலகைகளும் கடிகாரச் சட்டங்களும் செய்துகொண்டிருந்தாள். இப்போது கணவரின் கையை ஈரக்களிமண்ணில் அழுத்தி அளவெடுத்து, மடங்காத விரல்களுக்கு ஏற்ற கத்திப் பிடி ஒன்றை வரைந்தாள். சமையலறையில் மரப்பிடி கூடாதாம். அதனால், வெட்டுப்பலகை செய்யும் வெள்ளை பிளாஸ்டிக்கில் கட்டைகள் வாங்கினாள்.

முதல் பிடி நாற்பதாவது நிமிடத்தில் நின்றது. வெட்டுமுனை மட்டும் ஒரே இடத்தில் சுழன்று பள்ளம் பறித்தது. திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி. இரண்டாவது பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றது. மூன்றாவது முடியப் போகும் நேரத்தில் காலை வாரியது.

அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அதன் மேல்தான் பழி விழுந்தது. தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றினாள். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாள். கேபிளை மாற்றினாள். நாத்தனாரிடம் இரவல் கம்ப்யூட்டர் வாங்கி மாட்டினாள். அதுவும் நின்றது.

இயந்திரம் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், "அது கம்ப்யூட்டர் பிரச்சினை மேடம்" என்றார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர், "மெஷின்லதாங்க கோளாறு" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் என்ன, மெஷின் முன்னாடி உக்காந்து அழணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

ஆறாவது பிடியும் பாழானபோது இயந்திரத்தின் மேசையை ஓங்கி உதைத்தாள். வலித்தது கால்தான்.

பிளாஸ்டிக் சீவல் வெட்டுமுனையில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, அவள் கணவர் வாக்குவம் கிளீனரின் குழாயை மடங்காத விரல்களுக்குள் கோர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"விடும்மா. டோக்கன் குடுக்கிறதும் வேலைதானே. உக்காந்துகிட்டே பாக்கலாம்."

"இன்னொரு தடவ அப்படிச் சொன்னீங்க, இந்த மெஷின உங்க தலையிலேயே போடுவேன்."

ஏழாவது பிடி ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. அவர் குழாயை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் இருக்கும். அவள் விரல் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் போனதும் சுரீர் என்று ஒரு பொறி கடித்தது. அதே நொடியில் திரையில் அதே வரி. இயந்திரம் நின்றுவிட்டது.

அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க! இங்க வாங்க! இந்தக் குழாய் ஷாக் அடிக்குது! இத்தன நாளா உங்களுக்கு அடிக்கவேயில்லையா?"

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அடிச்சிருக்கும். இந்தக் கைக்கு எங்கம்மா தெரியுது?"

அவளுக்கு அவர் மேலும், தன் மேலும், அந்தக் கதவு மேலும் கோபம் பொங்கியது. மரத்தூள் பறந்த இரண்டு வருடமும் வராத கோளாறு பிளாஸ்டிக் வந்த நாளிலிருந்து வந்தது என்பதை இத்தனை நாளும் அவள் யோசிக்கவே இல்லை. உலர்ந்த சீவல் பிளாஸ்டிக் குழாய்க்குள் உரசிக்கொண்டே ஓடியதில் மின்னேற்றம் சேர்ந்திருக்கிறது. அது சட்டத்துக்குத் தாவும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தொடர்பு அறுந்திருக்கிறது.

இந்த முறை அவசரப்படவில்லை. கட்டை எதுவும் வைக்காமல் இயந்திரத்தை வெறுமனே ஓட்டினாள். அரை மணி நேரம் பிசகாமல் ஓடியது. பிறகு பக்கத்தில் நின்று, குப்பைப் பெட்டியில் இருந்த சீவலைக் குழாயால் உறிஞ்சினாள். நாலாவது நிமிடத்தில் பொறி, இயந்திரம் நின்றது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அதே கதை.

இயந்திரத்தின் சட்டத்துக்கு எர்த் கம்பியே கொடுக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உடன் வந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சட்டத்தை எர்த்தோடு இணைத்தாள். குழாய் நெடுக வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் நுனியையும் சட்டத்தில் முடுக்கினாள். எட்டாவது பிடி ஒரு மணி பத்து நிமிடம் ஓடி முடிந்தது. வெதுவெதுப்பாக இருந்த அதை எடுத்து, கத்தியில் பொருத்தி, அவர் கையில் வைத்தாள். விரல்கள் தங்கள் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, சீருடையோடே அவளும் கூடப் போனாள். சமையலறை மேற்பார்வையாளர் முன்னால் அவர் ஒரு கூடை கேரட்டை வெட்டிக் காட்டினார். பழைய வேகம் இல்லை, ஆனால் துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. மேற்பார்வையாளர் பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கழுவச் சொன்னார், அழுக்குத் தங்கும் இடுக்கு இருக்கிறதா என்று நகத்தால் கீறினார். ஒன்றும் சிக்கவில்லை.

"சரி, நாளையிலேர்ந்து வரட்டும்" என்றவர், அவளைப் பார்த்துச் சிரித்தார். "அவருக்கு அதிர்ஷ்டம்தான் மேடம், உங்கள மாதிரி ஒருத்தங்க கெடச்சது."

"அதிர்ஷ்டமா? ஏழு கட்டைய நாசம் பண்ணிருக்கேன் சார். உங்க கதவால ஒரு கை போயிருக்கு. எங்க அந்தக் கதவு? கொக்கி போட்டாச்சா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் குளிர் அறையை நோக்கி நடந்துவிட்டாள். கதவில் கொக்கி இல்லை. ஒரு கயிறு கட்டியிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கணவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த கேரட்டை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் புதுக் கொக்கி வந்துவிட்டது.