மாடி திருடா

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பம்ப் கம்பெனியில் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் அவரைப் 'பூட்டு' என்றுதான் சொன்னார்கள். ஸ்டோர்கீப்பர். ஒரு நட்டு வெளியே போனாலும் இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டார். சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேட் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் 'எடுத்தவன் யார்' என்று கேட்டே ஆயுளில் பாதியைக் கழித்தவருக்கு வீட்டிலும் அதே புத்திதானே வரும்.

வைஃபை ரௌட்டரைக்கூட அவர் சும்மா விடவில்லை. இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே இழுத்து, ரௌட்டரைப் புடவைகளுக்குப் பக்கத்தில் குடிவைத்துப் பூட்டிவிட்டார். இன்டர்நெட் ஆமை மாதிரி ஊர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து மகள் வீடியோவில் பேச வந்தால், பாதி வார்த்தையில் வாய் திறந்தபடியே முகம் உறைந்து நிற்கும்.

"பழசாப் போச்சுங்க, மாத்திடலாம்" என்றாள் மனைவி.

"பழசெல்லாம் ஒண்ணுமில்ல. எவனோ உறிஞ்சுறான்" என்றார் பூட்டு.

எவனோ என்று விட்டுவிட்டால் மனசு ஆறுமா? ஒரு முகம் வேண்டும். மாடியில் இருந்தது ஒரே ஒரு குடித்தனம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் தம்பி, அவன் மனைவி, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு பெண் குழந்தை. போன வருஷம் பூட்டின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, படம் எடுத்து, கட்டுப் போட வைத்து, வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவன் அந்த எக்ஸ்ரே தம்பிதான். பூட்டு அதை மறக்கவில்லை. மறக்காமலேயே சந்தேகப்பட்டார்.

கடைசியில் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் புது ரௌட்டர் வாங்கினார். நாலு கொம்பு முளைத்த ரௌட்டர். "மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பட்டுமா சார்?" என்று கடைப்பெண் கேட்டாள். தன் வீட்டுப் பாஸ்வேர்டை ஊரான் பார்ப்பதா? வேண்டாம் என்றுவிட்டார். "அப்ப பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு ரெண்டையும் அப்படியே போட்டுடுங்க. வீட்டுல இருக்கிற எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்" என்றாள் அவள்.

ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. எந்த ஒயர் எந்தத் துளையில் என்று குழம்பி, பிடுங்கி, மாற்றிச் செருகி, ஆரஞ்சு விளக்கு பச்சையாகும்வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொம்புகள் இடித்ததால் பீரோ கதவு மூடவில்லை. அரை மனதோடு ரௌட்டரைப் பீரோவின் தலைமேல் வைத்தார். பிறகு போனில் ரௌட்டருக்கான ஆப்பைத் திறந்து, யார் யார் வந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர் போன், மனைவி போன், டிவி. நாலாவதாக, பேரில்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒன்று.

"கையும் களவுமா மாட்டினான்" என்றார் பூட்டு.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டோரில் காணாமல் போன பேரிங் கிடைத்தால்கூட அப்படிச் சிரிக்கமாட்டார். பாஸ்வேர்டை மாற்றினார். அதோடு விட்டாரா? வைஃபைக்குப் புதுப் பேர் வைக்க உட்கார்ந்தார். 'மாடி வீட்டுத் திருடனுக்கு இங்கே இடமில்லை' என்று அடித்தார். பேர் நீளம், ஏற்க முடியாது என்றது ஆப். ஒவ்வொரு வார்த்தையாக வெட்டினார். வெட்ட வெட்ட மிச்சம் நின்றது 'மாடி திருடா'. அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தெருவில் யார் போனை எடுத்து வைஃபை தேடினாலும் இனி அதுதான் முதலில் தெரியும்.

மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க இது அசிங்கமா?" என்றாள்.

"மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு? நான் யாரு பேரையாவது போட்டேனா?"

எதிர்வீட்டுத் தையல்காரர் போனைக் காட்டிச் சிரித்தார். பால் போடுகிறவன்கூட மாடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். தினமும் காலையில் "அண்ணா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கும் எக்ஸ்ரே தம்பி, இப்போது படியிலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குனிந்தபடி வண்டியை எடுத்தான். பூட்டு அதையும் குற்றத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை மகள் முகம் ஒரு தடவைகூட உறையவில்லை. "பார்த்தியா, திருடனை வெரட்டினதும் எப்படி ஓடுது" என்று மகளிடமே பெருமை பேசினார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருடைய பேய் அடுத்த வாரம், அழுக்குத் துணிக்கு நடுவில் அகப்பட்டது.

"என்னங்க, வாஷிங் மெஷினுக்கு என்ன ஆச்சு? துவைச்சு முடிச்சா என் போனுக்குச் சேதி வருமே, இப்ப வர்றதே இல்ல."

"மெஷின் எப்படிச் சேதி அனுப்பும்?"

"மாட்ட வந்த மெக்கானிக் வைஃபையில சேர்த்துட்டுப் போனாரே. நீங்கதானே பக்கத்துல நின்னு பாஸ்வேர்டு சொன்னீங்க. இரும்புப் பீரோவுக்குள்ள வெச்சா சிக்னல் எப்படி வரும்னு அப்பவே அவர் சிரிச்சார். நீங்க அவரை முறைச்சீங்க."

பூட்டு மெஷினின் முதுகைத் தடவி, அங்கே ஒட்டியிருந்த எழுத்தையும் எண்ணையும் ஆப்பின் பழைய பட்டியலில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுவிடாமல் பொருந்தியது. முகத்தில் ஈயாடவில்லை. தன் வீட்டு மெஷின், தான் சொன்ன பாஸ்வேர்டு, தான் பூட்டிய பீரோ. மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைத் தெரு முழுக்கத் திருடன் என்று எழுதிக் காட்டியாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி ஒன்றும் திட்டவில்லை. "மேல போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பேரை உடனே மாற்றினார். மாற்றிவிட்டால் போதாதா, தானாக மறந்துபோகாதா என்று கொஞ்ச நேரம் திருட்டு யோசனையும் யோசித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினார். தம்பியே கதவைத் திறந்தான்.

"தம்பி, அது... எங்க வீட்டு வாஷிங் மெஷின்தான். உங்க மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்குறதுன்னு தெரியல."

தம்பி வீட்டுக்குள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "என்னை விடுங்கண்ணா. பாப்பா என் போனை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டா. நாமதானே மாடி, திருடன் நம்ம வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கானான்னு கேக்குறா. தினமும் படுக்குறதுக்கு முன்னாடி கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குள்ள எல்லாம் நான் தேடிக் காட்டணும். அப்பத்தான் தூங்குவா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

குழந்தை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பூட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"திருடன் யாரும் இல்லம்மா. பெரியப்பாதான் தப்பா எழுதிட்டேன்."

"யாரைத் திருடன்னு எழுதினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அதையும் செய்தால் பிறகு எந்த மாடிப்படியும் ஏற முடியாது என்று தோன்றியது.

"உங்க அப்பாவைத்தாம்மா. அவர் ஒண்ணும் எடுக்கல. நான்தான் தப்பு."

குழந்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தது.

"அப்பா, உன்னைத்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் தினமும் கட்டிலுக்கு அடியில தேடின?"

அவன் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். பூட்டுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. முட்டி போட்டபடியே, அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.