இரண்டு கேமராக்கள் கைமாறிய கல்யாணம்

ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது, கொடுப்பவரும் வாங்குபவரும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். மலேசிய அரசாங்கக் கொள்முதல் பிரிவில் ஓய்வு பெறும் வரை நான் கட்டிக்காத்த விதி இது. ஒரு நாற்காலி பக்கத்து அறைக்குப் போனாலும் விடமாட்டேன். போன ஆண்டு, தீபாவளி முடிந்த கையோடு, தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலில் நடந்த கல்யாணத்தில் அந்த விதி என் கண் முன்னாலேயே காற்றில் பறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

என் தங்கை மகள் சிரம்பானில் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கல்யாணங்களுக்குப் படம் எடுக்க இறங்கினாள். கேமரா வாங்க என்னைத் துணைக்கு அழைத்தாள். துணை என்றால் கார் ஓட்டுவது என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் கடை கடையாக ஏறி விலைப்புள்ளி கேட்டேன். எடை, உத்தரவாதம், பழுதுபார்க்கும் வசதி எல்லாவற்றையும் ஒப்பிட்டேன்.

"மாமா, கேமரா வாங்க வந்திருக்கோம். பாலம் கட்ட வரல லா" என்றாள், கடைக்காரரை வைத்துக்கொண்டே. கடைக்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

அவளுடைய சேமிப்பு ஒரு நல்ல கேமராவுக்கும் ஒரே ஒரு நல்ல லென்ஸுக்கும்தான் போதும். ஒப்புக்கொண்டிருந்த முதல் கல்யாணம் சிரம்பானில், நீளமான மண்டபத்தில். மேடை ஒரு கோடியில், கூட்டம் நடுவில், நாங்கள் மறு கோடியில். ஆகவே தூரத்து முகத்தைப் பக்கத்தில் இழுத்துத் தரும் நீள லென்ஸ்தான் என்று இருவரும் முடிவு செய்தோம். அருகில் நின்றே எல்லாரையும் படத்துக்குள் அடக்கும் அகல லென்ஸைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எந்தத் தணிக்கையிலும் நிற்கக்கூடிய முடிவு. மண்டபம் மாறாத வரை.

மண்டபம் மாறியது. மணப்பெண்ணின் அப்பா அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர். இருதய நோய் முற்றி, சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார். சிரம்பான் வரை அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட, வீட்டிலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடக்கூடிய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கல்யாணத்தை மாற்றினார்கள். மணப்பெண் என் தங்கை மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, அப்பா என் கையப் புடிச்சி அவரு கையில குடுக்கிறப்ப, மூனு பேரும் ஒரே படத்துல வரணும். மத்த படம் எப்படி வந்தாலும் பரவால்ல."

கல்யாணத்தன்று காலையில் போய்த்தான் இடத்தைப் பார்த்தோம். தகரக் கூரைக்குக் கீழே மணவறை. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். கேமராவைக் கண்ணில் வைத்தபடி அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து, முதுகு சுவரில் முட்டி நின்றாள்.

"மாமா, அப்பா முகம் மட்டும் வருது. பொண்ணக் கொண்டாந்தா அப்பா போயிடுறாரு."

வெளியே போய் நின்றால் உறவினர்களின் முதுகுதான் தெரிந்தது. அவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லாரும் நின்றுகொண்டு மணமக்களையே எடுத்தார்கள். நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தவர் யாருடைய கைப்பேசியிலும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் போர்டிக்சனிலிருந்து தங்கள் படக்காரரை அழைத்து வந்திருந்தார்கள். நம் கல்யாணங்களில் இரு வீட்டுப் படக்காரர்களும் பேசிக்கொள்வது பெரும்பாலும் முழங்கையால். அவர் கையில் அகல லென்ஸ் இருந்தது. போய்க் கேட்டேன்.

"ஒங்க கேமரா வேற கம்பெனி அங்கிள். என் லென்ஸ் மாட்டாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கோப்பு மூடப்பட்டது என்று நினைத்தேன்.

தாரை வார்க்க ஐயர் பெண் வீட்டாரைக் கூப்பிட்டார். மகளின் கையை மாப்பிள்ளை கையில் அப்பா வைத்துப் பிடிக்க, அம்மா தண்ணீர் வார்க்க வேண்டும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தப் போர்டிக்சன்காரர் தம் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி, என் தங்கை மகள் கழுத்தில் மாட்டினார்.

"தங்கச்சி, இது பொண்ணு வீட்டு சடங்கு. நீ கிட்டப்போயி கீழ ஒக்காந்து எடு. ஒன்னோடதக் குடு, நா அந்தாண்ட நின்னு மூஞ்சியப் புடிக்கிறேன். சீக்கிரம் லா, தண்ணி ஊத்தப் போறாங்க!"

அவள் தரையோடு தரையாக உட்கார்ந்தாள். அப்பாவின் கை மெல்லச் சரிந்தது. மகள் தன் இன்னொரு கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். தண்ணீர் விழுந்தது.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ராகு காலத்துக்கு முன்னால் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய அவசரம். அவர்கள் வீட்டு வாசலில் ஆலத்தி எடுப்பதை அந்தப் படக்காரர் படம் எடுக்க வேண்டும். இருவரும் ஓட்டத்திலேயே கேமராக்களை மாற்றிக்கொண்டார்கள். பேர் என்ன, எந்தக் கடை என்றுகூட நான் கேட்கவில்லை.

மாலையில் வீட்டில் கேமராவைத் திறந்து பார்த்தவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் எடுத்த படங்கள் எங்கள் கேமராவின் கார்டில். அவள் எடுத்தவை அவருடைய கார்டில். கேமராவைத்தான் மாற்றினார்கள், கார்டை மாற்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் எண் வாங்கிக் கூப்பிட்டோம். முதல் நாள் மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. அவர்களுக்கும் படம் வரவில்லை, காரணமும் தெரியவில்லை.

இதற்குள் அப்பாவைச் சிரம்பான் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். இருக்கிற படங்களையாவது காட்டுவோம் என்று போனோம். நீள லென்ஸில் அந்தப் படக்காரர் எடுத்திருந்தது அப்பாவின் முகத்தை: கண்ணில் நீர் நிறைந்து, விழாமல் நின்றது. எந்தக் கண்காட்சியிலும் வைக்கலாம். அப்பா அதை வாங்கிப் பார்த்தார்.

"என் மூஞ்சிய நா கண்ணாடியிலேயே பாத்துக்குவேன். எம் மவ எங்க?"

தங்கை மகள் எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்தில் நின்று அழுதாள். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் இறங்கினேன். முதல் நினைவூட்டல். இரண்டாம் நினைவூட்டல். பிறகு 'இறுதி நினைவூட்டல்' என்று தலைப்பிட்டு, பிறர் உடைமையை வைத்துக்கொண்டு மௌனம் காப்பது குறித்தும், புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பது எனக்குத் தெரியும் என்பது குறித்தும் நீண்ட செய்தி ஒன்று அனுப்பினேன். நல்ல வாசகங்கள். எழுதி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது.

பதில் வந்தபோது தங்கை மகள் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க அங்கிள். கல்யாணம் முடிஞ்சி வந்தவன் டெங்கியில படுத்துட்டேன். ஐசியு வரைக்கும் போயிட்டேன். அப்புறம் ஜோகூர்ல அக்கா வீடு. இன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்து பையத் தொறந்தேன். தங்கச்சி சூப்பரா எடுத்திருக்கு. மொதல்ல அந்த அப்பாவுக்குக் காட்டுங்க." என் இறுதி நினைவூட்டலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கீழே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

மறுநாள் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோனோம். அப்பா விரலால் தடவிப் பார்த்தார். "அந்தா, எம் மவ. இவரு மாப்ள. இது நானு." விரல் ஓரத்துக்குப் போனது. "இது யாரு தொப்ப?"

"நான்தான்" என்றேன்.

"கிராணியாரே, அம்மாம் பெரிய கூட்டத்துலயும் ஒங்களுக்கு எடம் வேணுமா?" என்றார். தோட்டத்தில் ஆபீஸ் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். என்னைச் சரியாகவே எடைபோட்டிருந்தார். கட்டிலருகே இருந்த மகள் சிரித்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், படத்தில் இருந்த மாதிரியே.

அவர் பொங்கல் வரை இருக்கவில்லை. அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது, என் தொப்பையோடு. விதிப்படி நடந்திருந்தால் கார்டு தவறியிருக்காது; ஆனால் விதிப்படி நடந்திருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் தம் பிழைப்புக் கருவியை இன்னொரு கழுத்தில் மாட்டியிருக்கவும் மாட்டார். யாரையாவது சந்தேகித்து நினைவூட்டல் எழுத விரல் அரிக்கும்போதெல்லாம், அந்தப் பதில் வந்து சேர்ந்த நாளை நினைத்துக்கொள்கிறேன்: திருக்கார்த்திகை, விளக்கேற்றும் நேரம்.