பாஸ்போட்டைக் கொடுக்காத அன்னலட்சுமி

அன்னலட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம். திருகோணமலை உள்துறைமுக வீதியில் இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். அவளுடைய சாப்பாட்டுக் கடைக்கு மத்தியானம் வரும் துறைமுகத் தொழிலாளிகள் சோற்றுப் பார்சலோடு நாலு ஏச்சும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஏச்சு விழாத நாளில், "அக்காவுக்கு இண்டைக்குச் சுகமில்லையோ?" என்று விசாரிப்பார்கள். அவளுடைய கணவர் குலசிங்கம் காசு மேசையில் இருந்து சிரிப்பார். அந்த மனுசன் பேச வேண்டிய பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் வாயடைத்துப் போனது கனடாவிலிருந்து வந்த ஒரு போன் கதையால். மகள் சிவாஜினிக்கு முதல் பிள்ளை பிறந்த நேரம் இவளுக்கு விசா மறுத்துவிட்டார்கள். மருமகன் இராகுலன் வேலைக்குப் போன ஊரில் பனிக்குள் மாட்டிக்கொண்டான். ஆரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையைப் பெற்றுவிட்டு, "ஒண்டுமில்லை அம்மா, நான் சமாளிச்சிட்டன்" என்றாள் மகள். அன்னலட்சுமி போனை வைத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்? இரண்டாவது பிள்ளைக்கு, கடலை நீந்தியாவது போய் மகளுக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

இந்த முறை விசா கிடைத்தது. குலசிங்கம் கூடப் போகவில்லை. கடையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று சாட்டுச் சொன்னார். பிளேன் என்றால் மனுசனுக்குப் பயம் என்பது ஊருக்கே தெரியும். துணைக்குக் கிண்ணியாவைச் சேர்ந்த அஸ்மியா கிடைத்தாள். கனடாவில் இருக்கும் புருசனிடம் முதல் தரம் போகிற பிள்ளை, இங்கிலீசு நன்றாகப் பேசுவாள்.

பயணம் தொடக்கத்திலேயே சறுக்கியது. கட்டுநாயக்காவில் எழும்பிய விமானம் ஏதோ கோளாறென்று கடலுக்கு மேலே வட்டமடித்துவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியது. பிறகு ஆட்களை உள்ளேயே இருத்தி, குளிரூட்டியும் வேலை செய்யாமல் அவித்தெடுத்தார்கள். ஒருவழியாக மறுபடி கிளம்பி வளைகுடா நாட்டு விமான நிலையத்தில் காலையில் போய் இறங்கினால், ரொறன்ரோ விமானம் இவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்தது மறுநாள் காலை. கனடாவுக்குப் போகிறவர்கள் எல்லாரையும் அதுவரைக்கும் ஹோட்டலில் தங்க வைப்பதாகச் சொன்னார்கள். அந்த நாட்டு விசா இல்லாமல் வெளியே போகிறவர்கள் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு ஒரு துண்டு வாங்கிக்கொள்ள வேண்டும், திரும்பி வரும்போது துண்டைக் காட்டிப் பாஸ்போட்டை எடுக்கலாம்.

வரிசையில் நின்றவர்கள் சந்தோசமாக நீட்டினார்கள். அன்னலட்சுமி தன்னுடையதைக் கைப்பைக்குள் வைத்து, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் குடுக்க மாட்டன்" என்றாள்.

"அன்ரி, நாளைக்குத் தந்திடுவாங்க. எல்லாரும் குடுக்கிறாங்கதானே" என்றாள் அஸ்மியா.

"அவை குடுக்கட்டும். துண்டை வைச்சு நான் என்னத்தைச் செய்யிறது?"

சண்டை நடந்த காலத்தில், கந்தளாய்க்கு அரிசி எடுக்கப் போன குலசிங்கம் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு டோக்கனோடு நின்றவர்தான். அட்டையை வாங்கியவன் வேலை மாறிப் போனான். அட்டையும் போனது. அட்டை இல்லாத ஆளை ஆர் நம்புவார்கள்? மனுசனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கலியாணமாகி வருசம் முடியாத அன்னலட்சுமி முகாம் முகாமாக அலைந்து, கும்பிடாத காலெல்லாம் கும்பிட்டு, பாதியாய் மெலிந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு தன் பேர் எழுதின எதையும் அவள் ஆருடைய கையிலும் விட்டது கிடையாது. வங்கியில் அடையாள அட்டையைக் கேட்டால்கூட ஒரு நுனியை இவள் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இதையெல்லாம் பாஸ்போட் வாங்க நின்ற வெள்ளைச் சட்டைக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவர் சிரித்தார், பிறகு கெஞ்சினார், கடைசியில் முகத்தைச் சுளித்து, "அப்ப நாளை வரைக்கும் கதிரையிலதான் இருக்கோணும்" என்பதை இங்கிலீசில் சொல்ல, அஸ்மியா தமிழில் சொன்னாள்.

"இருப்பம். கதிரை என்ன கடிக்குமோ?" என்றாள் அன்னலட்சுமி. "நீ போ பிள்ளை, போய்ப் படு."

அஸ்மியா போகவில்லை. "உங்களத் தனிய விட்டுட்டுப் போனா உம்மா என்னைக் கொன்றுடுவா" என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் வந்து இருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் பஸ் ஏறிக் குளிக்கவும் படுக்கவும் போய்விட்டார்கள். கதிரையில் இடுப்பும் நாரியும் பிளக்க இருந்த இருவருக்கும் காய்ந்த பாண்தான் காலைச் சாப்பாடு. அன்னலட்சுமிக்கே மனம் கொஞ்சம் ஆடத் தொடங்கிவிட்டது. கொடுத்திருக்கலாமோ? இந்தப் பிள்ளையையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டேனோ?

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து இராகுலன் போன் எடுத்தான். "மாமி, தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. இப்ப ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறம். நாள் இருக்கெண்டு நினைச்சிருந்தம், முந்திட்டுது. மூத்தவள் லக்சனாவை உள்ள விடமாட்டினமாம், பார்க்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. நான் அவளோட வெளியிலதான் நிக்க வேணும்."

மகள் இந்த முறையும் தனியே. நாளைக் காலை விமானத்தில் ஏறினால், போய்ச் சேரும் நேரம் எல்லாம் முடிந்திருக்கும். "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று அவள் வாய்விட்டு அழுதாள். சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

அஸ்மியா எழும்பிப் போய் விமானக் கம்பனி மேசையில் இருந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கணினியில் தட்டித் தட்டிப் பார்த்தாள். வேறொரு கம்பனியின் ரொறன்ரோ விமானத்தில் இரண்டு இடம் இருந்தது. ஏற வேண்டியவர்கள் வந்து சேரவில்லை. வாசல் மூடப்போகும் நேரம். ஹோட்டலில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, பாஸ்போட் எடுத்துக் கொடுத்து, சோதித்து உள்ளே கொண்டுவர நேரம் காணாது. கையில் பாஸ்போட்டோடு உள்ளே இருக்கிறவர்கள்தான் போக முடியும்.

"இந்தா!" என்று பாஸ்போட்டை உயர்த்திக் காட்டினாள் அன்னலட்சுமி. அப்போதும் நுனியை விடவில்லை.

"பெட்டியள் பிறகுதான் வருமாம் அன்ரி!"

"பெட்டி நாசமாப் போகட்டும், ஓடு!"

இருவரும் ஓடினார்கள். அன்னலட்சுமியின் ஒற்றைச் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பளிங்குத் தரையில் வெறுங்காலோடு ஓடினாள். கதவு இவர்களுக்குப் பின்னால்தான் மூடியது. மூச்சு வாங்க வாங்க அஸ்மியா சிரித்தாள், இவளும் சிரித்தாள். விமானம் எழும்பியபோது அன்னலட்சுமி கோணேசரையும் கூப்பிட்டாள், அஸ்மியாவைப் பார்த்து, "உன்ர அல்லாவிட்டயும் ஒருக்காச் சொல்லு பிள்ளை" என்றும் சொன்னாள்.

ரொறன்ரோவில் அஸ்மியாவின் புருசன் வந்து காத்துக்கொண்டு நின்றான். அஸ்மியா அவனை ஒரு பார்வைதான் பார்த்தாள், "முதல்ல ஆஸ்பத்திரிக்கு விடுங்க, மிச்சக் கதை பிறகு" என்றாள்.

பிரசவ அறைக்குள் சிவாஜினி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி வந்து வந்து போகிறது, அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எத்தனை வருசமாகப் பழகியது! அன்னலட்சுமி வேர்வையும் கசங்கிய சேலையுமாக உள்ளே போய் அவளுடைய தலையைத் தடவினாள்.

"அம்மா, நீங்கள் நாளைக்கெல்லோ... நான் சமாளிப்பன் அம்மா" என்றாள் மகள், மூச்சு முட்ட.

"நீ சமாளிச்சது காணும். வாயைத் திறந்து கத்து பிள்ளை. நான் நிக்கிறன்."

சிவாஜினி கத்தினாள். "அம்மா!" என்று அந்தக் கட்டிடமே கேட்கக் கத்தினாள். தனியே அடக்கி வைத்த அத்தனையும் அந்தக் குரலில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் போட்டியாக இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது.

அன்னலட்சுமி வெளியே வந்தாள். லக்சனாவைத் தூக்கிக்கொண்டு இராகுலன் தூரத்தில் நின்றான். ஆஸ்பத்திரி, மெதுவாகப் பேசு என்று படம் போட்டு ஒட்டியிருந்த இடம். அதையெல்லாம் ஆர் பார்த்தது?

"பொம்பிளைப் பிள்ளை!" என்றாள், துறைமுகமே திரும்பிப் பார்க்கும் குரலில். "எடி லக்சனா, உனக்குத் தங்கச்சி! வாய் என்னை மாதிரி!"