சித்தி சமைத்த விருந்து

அக்கா வயதுக்கு வந்த சடங்குக்குச் சித்திதான் சமைத்தாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் எந்த விசேஷமானாலும் அடுப்பு அவள் பொறுப்பு. அவள் வைத்த கறிக்குழம்புக்காகவே பந்தியில் இரண்டாம் முறை உட்காருவார்கள்.

லாரி ஓட்டும் சித்தப்பாவால் சடங்குக்கு வர முடியவில்லை. மறுநாள் காலையில் வந்து சேர்ந்தபோது குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். குடத்துத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டுப் படுத்தார். ஊர்ச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியதிலிருந்து எங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை இருந்தது. பஞ்சாயத்தில் முறையிட்டதற்கு, முதல் குடத்தைக் கீழே கொட்டிவிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். சொன்ன பேச்சைக் கேட்பவர்கள் நாங்கள், அப்படியே செய்தோம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும் தொடங்கின. ஆம்புலன்ஸ் போவதும் வருவதுமாக இருந்தது. சித்தப்பாவை ஏற்றும்போது கண்கள் குழிவிழுந்து வேறு யாரோ போலிருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்ததும் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார்.

"சமைச்சது யாரு?"

"நான்தாங்க," என்றாள் சித்தி.

"வெயில்ல கறி கெட்டுப்போயிருக்கும். பாத்து பண்ண வேணாமாம்மா?"

"அவரு ஒரு வாய்கூட துன்னலீங்க சார். வெறும் தண்ணி குடிச்சிட்டுதான் படுத்துக்கினாரு."

கூட வந்த பஞ்சாயத்துக்காரர் குறுக்கிட்டார். "துக்கத்துல பேசுது, வுடுங்க சார்."

விருந்துச் சாப்பாடுதான் காரணம் என்று பேப்பரில் வந்தது. அதன் பிறகு சித்தியை யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை. அவள் ஆசையாகக் கொடுத்தனுப்பிய மீன்குழம்பை அம்மாகூட வாங்கி மூடி வைத்துவிட்டு, பிறகு நாய்க்கு ஊற்றினாள்.

கொஞ்ச நாளில், யாரும் கேட்காமலே ஆட்கள் வந்து சாக்கடையை ஒட்டித் தோண்டினார்கள். கழிவுக்குள் ஊறிக் கிடந்த எங்கள் குடிநீர்க் குழாயை வெளியே எடுத்தார்கள். நீளமாக விரிசல் விட்டிருந்தது. அதை வண்டியில் ஏற்றிவிட்டுப் புதுக் குழாய் பதித்தார்கள். சாயங்காலம் கண்ணாடிபோல் தண்ணீர் கொட்டியது. வாடையே இல்லை. நான் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு சித்தியிடம் ஓடினேன்.

"சித்தி, தண்ணி சூப்பரா வருது. குடிச்சிப் பாரேன்!"

சித்தி வாங்கி முகர்ந்து பார்த்தாள். குடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நல்ல தண்ணீர் வந்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு, தண்ணீரில் ஆட்டம் போடக் குழாயடிக்கு ஓடிவிட்டேன்.