என் இடது காலும் மூன்று டாக்டர்களும்

என் கணவர் மாநில அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் அங்கே எதையும் வாங்க முடியாது. அவர் ஓய்வு பெற்றார், அந்த விதி ஓய்வு பெறவில்லை. மிக்ஸிக்கு மூன்று கடை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க மூன்று ஜாதகம். கோடு போட்ட தாளில் கட்டம் கட்டி, கன்னடத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பார். வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். காகிதம் என்று வந்துவிட்டால், ஆபீஸ் பழக்கம், அவருக்குக் கன்னடம்தான் வரும். கல்யாணமான புதிதில், "என்னையும் மூணுல ஒண்ணாத்தான் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "நீ ரெண்டாவது. மூணாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள எங்கம்மா முடிவு பண்ணிட்டாங்க" என்றார். அந்த மூன்றாவது வீட்டைப் பார்க்காமல் விட்ட குறை அவருக்கு இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் மருந்துமாக எல்லாம் முடிந்து ஐந்து வருடம் ஓடிவிட்டிருந்தது. போன வருடம் முதுகு வலிக்க ஆரம்பித்தது. லிங்கராஜபுரத்து ரோட்டில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனால் யாருக்குத்தான் முதுகு வலிக்காது? தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். படுத்தால் வலி கூடியது. அது நல்லதாகப் படவில்லை என்று என் பழைய டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பழைய நோய்தான், முதுகெலும்புக்கு வந்திருந்தது. நடு முதுகில் ஓர் எலும்பை அரித்துவிட்டு, உள்ளே ஓடும் தண்டுவடத்தை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது.

அன்று திரும்பும்போது டாக்சியில் அழுதேன். அதற்குப் பிறகு அழ நேரமில்லை. டாக்டர் வீக்கம் குறைய மாத்திரை கொடுத்து, "ஆபரேஷன் பண்றவரையும் பாருங்க, ரேடியேஷன் குடுக்கறவரையும் பாருங்க. சீக்கிரம்" என்று சொல்லியிருந்தார். என் காதில் 'சீக்கிரம்' விழுந்தது. என் கணவர் காதில் 'இரண்டு பேர்' என்பது மட்டும் விழுந்தது. மூன்றாவது யார் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை அறுவை டாக்டரைப் பார்த்தோம். எலும்பு பலமிழந்துவிட்டது, தண்டுவடத்தை அழுத்துவதை எடுத்துவிட்டு, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுக் கம்பி வைத்து நிறுத்த வேண்டும், புண் ஆறியதும் ரேடியேஷன் என்றார். செவ்வாய்க்கிழமை பார்த்த ரேடியேஷன் டாக்டர் ஒரு பெண். தமிழ் பேசினார். முழங்காலில் தட்டிப் பார்த்தார், பாதத்தைக் கையால் அழுத்தித் தள்ளச் சொன்னார், அறைக்குள் நடக்கவைத்தார்.

"இப்ப நல்லா நடக்கறீங்க. ரேடியேஷன் மட்டும் பத்து நாள் குடுத்துப் பாக்கலாம். ஆனா அது கட்டியைச் சுருக்கும், அவ்வளவுதான். அதுக்கும் நாளாகும். எலும்பைத் தாங்கிப் பிடிக்காது. கால்ல கொஞ்சம் பலம் குறைஞ்சாலும், மரத்துப் போனாலும், அன்னிக்கே வரணும். மறுநாள் இல்ல" என்றார்.

கத்தி வேண்டாம் என்று அவர் சொன்னதோடு என் காது அடைத்துக்கொண்டது. முதுகுத்தண்டில் கத்தி வைத்தால் எழுந்து நடக்க முடியாது என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை, சோறு இறங்காத பயம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் தாளை எடுத்தார். ஒரு பக்கம் ஆபரேஷன், ஒரு பக்கம் ரேடியேஷன். வலி, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், எழுந்து உட்கார எத்தனை நாள், ஆபத்து என்று வரிசையாகக் கட்டம். மூன்றாவது டாக்டருக்கு வைட்ஃபீல்டில் வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்திருந்தது. அவருக்கான கட்டம் காலியாக இருந்தது. கீழே தனியாக 'நடிகெ' என்று ஒரு வரி, அதாவது என் நடை. தினமும் காலையில் என்னைக் கேட்டு அதை நிரப்புவதாக ஏற்பாடு.

புதன்கிழமை காலையில் காய்கறி வண்டி வந்தது. கேட் வரை போய்க் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் என் காலைப் பார்த்து, "அம்மா, ஒரு செருப்பு அங்கயே நிக்குது" என்றார். திரும்பிப் பார்த்தேன். இடது செருப்பு வாசற்படியில் கிடந்தது. வெறும் காலில் அவ்வளவு தூரம் ஜல்லிக்கல்லில் நடந்து வந்திருக்கிறேன், காலுக்குத் தெரியவில்லை.

உள்ளே போனதும் இவர் பேனாவோடு கேட்டார். "நடை எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

'சரி இதெ', சரியாக இருக்கிறது என்று எழுதினார்.

உண்மையைச் சொன்னால் கத்தி ஜெயித்துவிடும். அதனால் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவர் பார்க்காத நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்றும் 'சரி இதெ' என்று எழுதவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வைட்ஃபீல்ட் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்சியிலிருந்து இறங்கக் காலை வெளியே வைத்தேன். இடது கால் வரவில்லை. கையால் தூக்கி வைத்தேன். வீல்சேரில் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர், "நடெது தோரிசி அம்மா" என்றார். நடந்து காட்ட எழுந்தேன், வலது காலும் தாங்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். "எஷ்டு தின ஆயித்து?" எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தாளை நீட்டி, நேற்று வரை சரியாக இருந்தது, எழுதி வைத்திருக்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். எத்தனை பெருமையாகச் சொன்னார்! நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் தாளைத் தொடவில்லை. உடனே இன்னொரு ஸ்கேன் எடுக்கவைத்துப் பார்த்தார். எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தில் குத்துகிறது, கதிரால் எலும்பை நகர்த்த முடியாது, இனி ஆபரேஷன்தான், அதுவும் இன்றைக்கே என்றார். ஒரே பொருளுக்குத்தான் மூன்று கொட்டேஷன் கேட்கலாம். ஆபரேஷனும் ரேடியேஷனும் ஒரே பொருள் இல்லை என்பதும், எது வேண்டும் என்பதை என் கால்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது சொல்லத்தான் செய்தது. நான்தான் மறைத்தேன்.

சாயங்காலமே அங்கேயே ஆபரேஷன் நடந்தது. புண் ஆறியதும் பத்து நாள் ரேடியேஷனும் கொடுத்தார்கள். ஆக, ஒன்றுக்கு இரண்டாக எல்லாம் அனுபவித்தாகிவிட்டது. மாத்திரைகள் நோயை இப்போதைக்கு அடக்கி வைத்திருக்கின்றன. வலது காலுக்குப் பலம் முழுசாகத் திரும்பியது. இடது பாதம் பாதிதான் தூக்குகிறது. இன்னும் இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் அதற்கும் திரும்பியிருக்கலாம் என்று பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் சொன்னபோது இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "தப்பு என்னோடதுங்க. நாலு நாள் அலையவிட்டுட்டேன்" என்பார். தினமும் என் பாதத்துக்கு எண்ணெய் தடவுவார், கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போவார். நான் ஒரு வருடம் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவருடைய அக்கா போன் செய்தார். இவர் அதே பாட்டை ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை. போனைப் பிடுங்கி, "அண்ணி, தப்பு என்னோடது. புதன்கிழமையே கால் மரத்துப் போச்சு. இவர் கேட்டார், நான்தான் நல்லாயிருக்குன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

போனை வைத்த பிறகு இவர் என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளும் கேட்டேனே" என்றார். அன்று என் பாதத்துக்கு எண்ணெய் தடவவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நடைக்குக் கிளம்பினோம். கேட்டைத் தாண்டியதும் என் கையைப் பிடிக்காமல் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். முப்பத்தாறு வருடத்தில் அவர் என்மேல் அப்படிக் கோபப்பட்டதில்லை. நான் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் நியாயமானது, ஒரு வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது. தடியை ஊன்றி, இடது காலை இழுத்து, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகத் தெருவில் தனியாக நடந்தேன்.

தெருமுனையில் அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய்ச் சேரும் வரை, முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.