கிள்ளானில் எங்களைத் தவிக்கவிட்ட கிளாரா அக்கா

கிளாரா அக்காவின் மரணச் செய்தி வந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் பாடல் பயிற்சியைத் தொடங்க முடியாமல் அவருக்காகவே நாங்கள் காத்திருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் கதைத்தார். "அக்கா மத்தியானம் படுத்தவ, எழும்பேல்லை." அழுகைக்கு முன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்களைக் காக்கவைத்துவிட்டு வராமல் போவது அவருடைய வழக்கம்.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் அவரோடு நின்று பாடிய எல்லோருக்கும் இந்த எரிச்சல் தெரியும். துறைமுகப் பக்கத்துக் கப்பல் கம்பனியொன்றில் டைப்பிஸ்டாக இருந்தவர். கேட்டவர்கள் மறக்காத குரல். ஆனால் நேரத்துக்கு வரமாட்டார். வந்தால் நேரத்துக்குக் கிளம்பவும் மாட்டார்.

மலேசியாவுக்குப் பாடப் போனபோது விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டார். பெட்டியில் உடுப்பைவிடக் கருவாடு அதிகம். எடை கூடிவிட்டது என்ற அதிகாரியை தம்பி என்ற பொருளில் "மல்லி" என்று கூப்பிட்டு, அவருடைய தாயின் சுகம் முதல் தங்கையின் கலியாணம் வரை சிங்களத்தில் விசாரித்தார். எங்களுக்குக் கடைசி அழைப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. கருவாடு விமானம் ஏறியது. எனக்குத் தலையிடி ஏறியது.

அங்கே கிள்ளான் நகரில் இரண்டாம் நாள் மாலை பெரிய இசை வழிபாடு. அன்று காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் பாடினோம். வெளிக்கிடும்போது சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டாஞ்சேனைக்காரர். இனக் கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனவர். பெரிய வெள்ளியன்று மாதாவின் துயரைச் சொல்லிப் பாடும் வியாகுலப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார்.

"நீங்கள் போங்கோ தம்பி, நான் பின்னால வாறன்," என்றார் அக்கா.

வரவில்லை. ஆலயம் நிரம்பி வழிந்தது. குழுவை நடத்திய நான், அவர் தனியாகப் பாடவேண்டிய பாட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். அப்போதும் வரவில்லை. வேறு வழியின்றி நானே பாடினேன். மேல் சுரத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்களை அழைத்திருந்த பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார்.

இறுதி ஆசீர்வாதம் முடிகிற நேரத்தில், இல்லத்துத் தாதியின் காரில் அக்கா வந்திறங்கினார். கையில் ஒரு சோற்றுப் பார்சல். ஆலயப் படியிலேயே கத்திவிட்டேன். "உங்களால எங்கட மானம் போச்சுது அக்கா!"

"அந்த மனுசனுக்குச் சொல்லெல்லாம் மறந்துபோச்சு தம்பி. அவருக்குச் சரியா வருமட்டும் திருப்பித் திருப்பிப் பாடினனான்," என்றார். "மானம் நாளைக்கும் வரும். அவர் நாளைக்கு இருப்பாரோ?"

இருந்தார். பல வருடங்கள் நன்றாகவே இருந்தார். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நாங்கள் வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரம் பார்த்துக் கிள்ளானிலிருந்து அழைப்பார். அக்கா வரிசையை விட்டு வெளியே போய், முழுப் பாட்டையும் தொலைபேசியில் பாடி முடித்துவிட்டுத்தான் வருவார். அந்த ஆலயமோ எங்களை மறுபடி கூப்பிடவேயில்லை. ஒருநாள் இரண்டையும் சொல்லிக்காட்டினேன்.

"மனுசன் இருக்கிறார்தானே? பிறகென்ன!" என்றார். அவரோடு சண்டை பிடித்து வென்றவர் எங்கள் குழுவில் ஒருவருமில்லை.

போன கிழமை கிருலப்பனையில் ஒரு முதியோர் இல்லத்தில் பாடினோம். முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மூலையில் இருந்த ஓர் அம்மா ஒரு முருகன் பாட்டு கேட்டார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அக்கா என்னிடம் விட்டுப்போனது இதுதான்: அந்த இடத்தில் எனக்கு எழும்பிப் போக முடியவில்லை. அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கள் தொடங்குங்கோ அம்மா, நான் பிடிக்கிறன்," என்றேன். வெளியே எங்களை ஏற்றிவந்த வானின் சாரதி ஹோர்ன் அடித்தபடி இருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.