ஐந்து நட்சத்திரம், இன்னும் திறக்கவில்லை

மாலை ஏழு மணித் தொடரில் யார் மாமியார், யார் மருமகள் என்று அம்மாவுக்கு முகம் பிடிபடவில்லை. குரலை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டினார். நாற்காலியை இழுத்து இழுத்து, கடைசியில் திரைக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"டிவி மங்கிப் போச்சுலா. புதுசு ஒண்ணு வாங்கேன்."

நான் பிறை நகரத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனை பார்ப்பவள். அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துப் பதினெட்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். என்னிடம் ஆன்லைனில் டிவி வாங்கச் சொன்னால் சும்மா விடுவேனா? நாற்பத்து மூன்று அங்குலம், விலை எண்ணூறு வெள்ளிக்குள். மூன்று வாரம் தொழிற்சாலை பஸ் கடல் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், வாங்கியவர்கள் எழுதியதையே படித்துக்கொண்டிருந்தேன்.

நம் ஜனங்களுக்கு எவ்வளவு தங்கமான மனசு! "பொருள் வந்து சேர்ந்தது, இன்னும் திறக்கவில்லை" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். அட்டைப்பெட்டிக்கா நட்சத்திரம்? அவர்களைத் தள்ளிவிட்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டுப் பொரிந்து தள்ளியவர்களை மட்டும் நம்பினேன். அவர்கள் சொன்ன கோளாறுகளையெல்லாம் கட்டம் போட்ட தாளில் எழுதி, எட்டு டிவிகளைக் கழித்து, ஒன்பதாவதை வாங்கினேன்.

வந்ததும் அம்மாவைக் காக்க வைத்துவிட்டு முழுச் சோதனை நடத்தினேன். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, பச்சைத் திரை. ஒரு கரும்புள்ளிகூட இல்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு.

"நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் அம்மா. நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை.

பழைய டிவியைக் கீழ்மாடிப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் வேலை முடிந்து வரும்போது லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, படம் பளிச்சுன்னு இருக்கே! ஏன்லா குடுத்துட்டீங்க?"

எனக்குத் திக்கென்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் வாசலில் நின்றபடியே கையை உயர்த்தினேன்.

"அம்மா, இது எத்தனை விரல்?"

"முதல்ல கையைக் காட்டு, அப்புறம் கேளு."

கை அவர் முகத்துக்கு நேரேதான் இருந்தது. மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. மூன்று வாரம் டிவிகளையே நோண்டியவள், பார்க்கிற கண்ணை ஒரு நிமிஷம் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. "இது சின்ன ஆபரேஷன், நல்லா தெரியும்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

முதல் கண்ணின் கட்டுப் பிரித்த அன்று நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டேன். ஏழு மணி. அம்மா வாயைப் பிளந்தார்.

"இவளா வில்லி? எவ்ளோ லட்சணமா இருக்கா! இவளையா இத்தனை நாளா கண்டபடி திட்டுனேன்?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா என் பக்கம் திரும்பினார். தொடரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பம்மா இவ்ளோ நரைச்சுச்சு?"

"அது ரெண்டு வருஷமா இருக்கும்மா" என்றேன். எனக்குத்தான் அப்போது திரை மங்கலாகத் தெரிந்தது.

விளம்பர இடைவேளையில் கைப்பேசியை எடுத்து, அந்த டிவிக்கு என் கருத்தை எழுதினேன்: "படம் நல்ல தெளிவு. அம்மாவுக்கு என் நரை தெரிகிறது."

ஐந்து நட்சத்திரம் போட்டேன்.